முள்ளிப்புதூரார் ரோடு நிரவியது

முள்ளிப்புதூர்க்காரர்களை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷர்கள் அவர்கள். ஒரு வேலையை எப்படிச் சொன்னீர்களோ அப்படியே செய்வார்கள், அதில் இம்மி கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். உலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவதால்தான் அவர்களுக்கு அடிக்கடி சங்கடம் வருகிறது.

மெயின் ரோட்டிலிருந்து அந்த ஊருக்கு மூன்று கிலோமீட்டர் மண் ரோடு. ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. அதில் சைக்கிளில் போனவர்கள் பாதி வழி சைக்கிளைச் சுமந்துகொண்டுதான் போனார்கள். ஒரு திங்கட்கிழமை, டவுனில் மினிபஸ் ஓட்டும் முதலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊர் பார்க்க வந்தார். வந்து இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "ரோட்டை நிரவி வைங்க. அடுத்த திங்கக்கிழமை பஸ்ஸோட வாறேன். நல்லா இருந்தா தெனமும் நாலு நடை. இல்லேன்னா பக்கத்து ஊருக்கு விட்டுருவேன்."

ஊரே சந்தோஷப்பட்டது. கொம்பையாவுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் அவன் பெண்டாட்டி உலகம்மாள்.

உலகம்மாள் வெளியூர்ப் பெண். டவுனில் ஒரு தையற்கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர், சாயங்காலம் மூன்று கிலோமீட்டர் அந்த ரோட்டில் நடந்து, அவள் குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக விழுந்திருந்தது. அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள்: "இங்கேருங்க. பஸ் வந்தா நான் இந்த ஊரு. வரலேன்னா டவுன்ல வீடு பாத்துட்டேன். நீங்களும் வரலாம், உங்க டிராக்டரோட இங்கயே இருந்தாலும் இருக்கலாம்." சொல்லிவிட்டு வீட்டிலிருந்த தையல் மெஷினைச் சாக்குப் போட்டுக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டாள்.

கொம்பையாவுக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். சோறு இறங்கவில்லை.

ஊரில் விவசாயிகள் குழு ஒன்று உண்டு. நாலு பேர், ஒரு மினி டிராக்டர். தளவாய் தலைவர், ஏனென்றால் அவர் வீட்டில்தான் நாலு நாற்காலி இருந்தது. முப்பிடாதி செயலாளர், ஏனென்றால் அவரிடம் நோட்டும் பேனாவும் இருந்தன. ஆவுடையப்பன் உறுப்பினர். ஆள் மலை மாதிரி இருப்பார், உட்கார்ந்தால் எழுப்ப முடியாது, அதனால் எந்தக் கூட்டத்திலும் கடைசி வரை இருப்பார். கொம்பையா டிரைவர். மறுநாள் காலையில் குழு கூடி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ரோடு நிரவுகிற சாமான் ஒன்று வேண்டுமென்று முடிவுசெய்து, டவுனில் அந்தச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போன் போட்டது.

கடைக்காரர் நல்ல மனுஷர். "அண்ணாச்சி, பிளேடு உங்க வண்டியோட பின் சக்கரங்களைவிட ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் சக்கரத் தடத்தையும் அழிச்சுக்கிட்டே வரும். சக்கரத்தைப் பாக்காம பிளேடு எடுக்கப்பிடாது, ஆமா," என்றார்.

முப்பிடாதி நோட்டில் எழுதினார்: சக்கரத்தைப் பார்க்காமல் பிளேடு எடுக்கக்கூடாது.

"நாம நாலு பேரும் தெனமும் பாக்கோம்லா," என்றார் ஆவுடையப்பன்.

"நாம பாத்து என்ன செய்ய? எடுத்துக் குடுக்கப் போறவரு பாக்கணும்லா," என்றார் தளவாய்.

"அப்போ வண்டிய ஓட்டிட்டே போயிருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டான் கொம்பையா.

தளவாய் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "எலே கொம்பையா, வண்டி ஓடுனா சக்கரம் சுத்தும். சுத்துத சாமானை அந்த மனுஷன் எப்படில அளப்பாரு?"

கொம்பையாவுக்கு அது நியாயமாகவே பட்டது. டிராக்டருக்கு அடியில் செங்கல் அடுக்கி, பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெயின் ரோடு வரை உருட்டிக்கொண்டு போனார்கள். பஸ் கண்டக்டர் சக்கரங்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு சக்கரம் கைவசம் இருக்கு. பொறவு எதுக்கு எங்க பஸ்ஸு?" என்றார். அது கேலி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "இது அளவுக்குத்தான் கொண்டு போறோம்," என்று தளவாய் விளக்கம் சொன்னார்.

கடையில் சக்கரங்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "சக்கரம் சரி அண்ணாச்சி. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கும்?"

"நடுவுல வண்டிதான் இருக்கும்," என்றார் முப்பிடாதி.

"இம்புட்டு இருக்கும்," என்று தளவாய் ஒரு சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கடைக்காரர் அதற்கு நாலடிப் பிளேடு என்றார். "இன்னும் கொஞ்சம் கூட," என்று ஆவுடையப்பன் நகர்த்தினார். அதற்கு ஐந்தடி. கொம்பையா சந்தேகத்தோடு இன்னும் கொஞ்சம் உருட்டினான். ஆறடி. ஒரு சக்கரம் கடையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போனபோது தளவாய்க்கு முகம் மலர்ந்தது. "எப்படி வச்சாலும் ஏதோ ஒண்ணு பொருந்துதே. நம்ம வண்டி ராசியான வண்டி," என்றார்.

கடைக்காரர் டிராக்டர் என்ன கம்பெனி, எத்தனை குதிரைச் சக்தி என்று விசாரித்து, ஐந்தடி போதும் என்று தாமே முடிவுசெய்தார். பிறகு மனசு கேட்காமல், "ஏன் அண்ணாச்சி, வண்டியவே ஓட்டிட்டு வந்திருக்கலாம்லா?" என்றார்.

"எப்படி ஓட்ட?" என்றார் தளவாய். "சக்கரம் இங்கல்லா இருக்கு."

கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு அவர்களை உள்ளே கூட்டிப்போய் இரண்டு சாமான்களைக் காட்டினார். ஒன்று வெறும் பிளேடு. வளைந்த இரும்புத் தகடு, மேட்டைச் சீவி ஓரமாகத் தள்ளும். இன்னொன்று பெட்டி. மூன்று பக்கம் அடைத்து, அடியில் பல் வைத்தது. மேட்டு மண்ணைக் கிளறி அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடும்.

"உங்க ரோட்டுல மேடு ஜாஸ்தின்னா பிளேடு எடுங்க. பள்ளம் ஜாஸ்தின்னா பெட்டி. போய்ப் பாத்துட்டு ஒரு போன் போடுங்க, ஏத்தி அனுப்புதேன்," என்றார் கடைக்காரர். ரோட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்ற அர்த்தத்தில் அவர் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டது அவர் தப்பு.

சக்கரங்களை ஊருக்கு உருட்டி வந்து வண்டியில் மாட்டிவிட்டு, புதன்கிழமை முழுக்க எண்ணினார்கள். கொம்பையா மேடுகளை எண்ணினான், முப்பிடாதி பள்ளங்களை எண்ணினார். தப்பு வரக்கூடாது என்று ஆவுடையப்பன் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை ஏறி இறங்கி உறுதி செய்தார். மேடு இருநூற்றுப் பன்னிரண்டு. பள்ளம் இருநூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அதே கணக்குதான் வந்தது.

"ஒரு மேட்டுக்கு ஒரு பள்ளம். பாத்தீயளா, நம்ம முன்னோர்கள் ஒரு ஓரவஞ்சனையும் வைக்கல," என்று தளவாய் பெருமைப்பட்டார்.

பெருமை சரி, பெட்டியா பிளேடா என்பது அப்படியே நின்றது. வியாழக்கிழமை காலையில் ரோட்டின் நடுவிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது.

"ஒரு மேட்டை வெட்டிருவோம். பள்ளம் ஒண்ணு கூடிரும்லா," என்றான் கொம்பையா. அவனுக்கு அவசரம்.

"மேட்டை வெட்டுனா ரோட்டை நிரவுன மாதிரி ஆயிரும்," என்றார் முப்பிடாதி. "அது வாங்கப் போற சாமானோட வேலை. அது வாறதுக்கு முன்னால நாம செஞ்சா முறையில்ல."

"அப்போ புதுசா ஒரு பள்ளம் தோண்டுங்க," என்றார் தளவாய். தீர்ப்பு அவ்வளவுதான்.

தோண்டினார்கள். தோண்டிய மண்ணைப் பக்கத்தில் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதின்மூன்று பள்ளம், இருநூற்றுப் பதின்மூன்று மேடு. இன்னொன்று தோண்டினார்கள். மேடும் கூடவே வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்பது பள்ளம் தோண்டி ஒன்பது மேடு சேர்த்திருந்தார்கள். நடந்து போகவே லாயக்கில்லாமல் போய்விட்டது ரோடு. ஆனால் கணக்கு மட்டும் ஒரு பக்கமும் சாயவில்லை.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்த கொம்பையாவுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. "அண்ணாச்சி, பள்ளம் தப்பு பண்ணல. நாம மண்ணைக் கீழ போடுதோம் பாத்தீயளா, அங்கதான் இடிக்கி."

எல்லாரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். பத்தாவது பள்ளத்தின் மண்ணைக் கீழே போடவில்லை. பெரிய ஓலைக் கடவத்தில் அள்ளி ஆவுடையப்பன் தலையில் ஏற்றினார்கள். இப்போது எண்ணினால் பள்ளம் ஒன்று கூடுதல். முப்பிடாதி உடனே கடைக்குப் போன் போட்டு, "பள்ளம்தான் ஜாஸ்தி, பெட்டியே அனுப்பிருங்க," என்றார். நாளை காலையில் வரும் என்று பதில் வந்தது.

"இனி இறக்கிறலாமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"பெட்டி வாறதுக்குள்ள இறக்குனா கணக்கு மறுபடியும் சமமாயிரும். பொறவு நாம பொய் சொன்னதா ஆகும்," என்றார் தளவாய். ஆவுடையப்பன் நேர்மையான மனுஷர். கடவத்தோடு அப்படியே நின்றார்.

சாயங்காலம் உலகம்மாள் அந்த வழியாக வந்தாள். புதிய பள்ளங்கள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி நொண்டிக்கொண்டு வந்தவள், ஆவுடையப்பனைப் பார்த்து நின்றாள். "என்ன அண்ணே, மண்ணைச் சுமந்துக்கிட்டு நிக்கீய?"

"இறக்குனா மேடாயிரும்மா," என்றார் அவர்.

உலகம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். "திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாளு இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கால் இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்துக் கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவுடையப்பன் கடவத்தோடு வீட்டுக்குப் போனார், கடவத்தோடு சாப்பிட்டார். அவர் வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவும் முள்ளிப்புதூர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் பெட்டி வந்தது. கூட வந்த மெக்கானிக் அதை டிராக்டரில் மாட்டி, நெம்புகோலை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று கொம்பையாவுக்குக் காட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது, "எடுத்த எடுப்புல ரோட்டுல எறங்காதீய. மொதல்ல மட்டமான எடத்துல ஓட்டிப் பழகிட்டு எறங்குங்க. மண்ணு ஏறலேன்னா பெட்டிமேல கொஞ்சம் பாரம் வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் மட்டமான இடம் என்று பார்த்தால் முதலில் நெல்லடிக்கும் களம். கொம்பையா அங்கே இரண்டு சுற்றுச் சுற்றினான். மேடே இல்லாத இடத்தில் பெட்டிக்கு என்ன கிடைக்கும்? ஒரு பிடி மண்கூட ஏறவில்லை.

"பாரம்," என்றார் முப்பிடாதி, நோட்டைப் பார்த்து.

தளவாய் ஏறி உட்கார்ந்தார். முப்பிடாதி ஏறினார். போதவில்லை என்று ஆவுடையப்பனும் ஏறினார், தலையில் கடவத்தோடு. பெட்டி வந்துவிட்டதே, இறக்கலாமே என்று கொம்பையா சொன்னதற்கு, இதுவும் பாரம்தானே என்றுவிட்டார். இப்போது பல் இறங்கியது. களம் புழுதி உழவு போட்டதுபோல் ஆனது.

"நல்லா வேலை செய்யுது," என்று தளவாய் இறங்கி நின்று பார்த்தார். "ஆனா இது இப்போ மட்டமான எடம் இல்ல. பழகுறதுக்கு வேற எடம் பாருங்க."

அடுத்து வாலிபர்கள் பந்து விளையாடுகிற மைதானம். அதற்கடுத்து மாட்டுச் சந்தைப் பொட்டல். சனிக்கிழமை மத்தியானம் தளவாய் தம் வீட்டு முற்றத்தையே கொடுத்தார், சாணம் மெழுகி ஒரு வாரம்கூட ஆகாத முற்றம். அவர் பெண்டாட்டி அதன் பிறகு அவரோடு பேசவில்லை. பொழுது சாய்கிறபோது முள்ளிப்புதூரில் ஒரு சொம்பைச் சாயாமல் வைக்க இடமில்லை.

"இனி பழக எடம் இல்ல," என்றார் முப்பிடாதி வருத்தத்தோடு. "ரோடுதான் பாக்கி."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கொம்பையா தனியாகக் கிளம்பினான். பாரம் வேண்டாம் என்று சொல்லி, ஆவுடையப்பனின் கடவத்தையும் இறக்க வைத்துவிட்டான். ரோட்டு மண் ஏற்கெனவே பொலபொலவென்று கிடந்தது, எல்லாம் அவர்கள் தோண்டியதுதான். இரண்டு நாள் ஊரையே கிளறியதில் அவன் கைக்கு நெம்புகோல் நன்றாகப் படிந்திருந்தது. மேடு வந்தால் பெட்டியைக் கொஞ்சம் இறக்கினான், பள்ளம் வந்தால் கொஞ்சம் தூக்கினான். உலகம்மாள் எந்த இடத்தில் கால் இடறுவாள், எந்த இடத்தில் உட்கார்ந்து முள் எடுப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடங்களில் மூன்று தடவை, நாலு தடவை போனான். மத்தியானம் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் மெயின் ரோட்டு முனையில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். மூன்று கிலோமீட்டரும் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. ஒரு தடம் இல்லை, ஒரு கட்டி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, சர்க்கார் போட்ட ரோட்டில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. கொம்பையா வண்டியை விட்டு இறங்கினான். உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு நன்றி சொன்னான்.

கடைக்காரருக்கும் சந்தோஷம்தான். "நல்லது தம்பி. இனி நல்லாத் தண்ணி தெளிச்சு விடுங்க, மண்ணு இறுகணும். இறுகுத வரைக்கும் ஒரு சக்கரம் அதுமேல ஏறக்கூடாது, பாத்துக்கிடுங்க," என்றார்.

கொம்பையா தன் டிராக்டரின் சக்கரங்களைப் பார்த்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ரோட்டோரத் தரிசு நிலத்தின் வழியாக நடந்து வீட்டுக்குப் போனான். ஊரே கூடி ரோட்டில் தண்ணீர் தெளித்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மினிபஸ் வந்தது. முதலாளியே ஓட்டி வந்தார். ரோட்டு முனையில் நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குறுக்கே நின்றார்கள்.

முதலாளி இறங்கி வந்து ரோட்டைப் பார்த்து அசந்துபோனார். "அருமையா இருக்கே. வழி விடுங்க, பஸ்ஸை எடுக்கேன்."

"சக்கரம் ஏறக்கூடாது," என்றார் தளவாய். "வேணும்னா நீங்க நடந்து பாருங்க, செருப்பைக் கழட்டிட்டு."

"பஸ்ஸு வாறதுக்குத்தானய்யா ரோட்டை நிரவச் சொன்னேன்."

"நிரவியாச்சு. இன்னும் இறுகல."

"எப்போ இறுகும்?"

நாலு பேரும் கலந்து பேசினார்கள். முப்பிடாதி நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு வண்டி ஓட்டிப் பாத்தாத்தான் இறுகிட்டா இல்லையான்னு தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். ஓட்டிப் பாப்போம்."

"இறுகாம ஓட்டக்கூடாதுல்லா," என்றார் முப்பிடாதி.

முதலாளி பஸ்ஸில் திரும்ப ஏறப் போனார். ஊர் வாசலில் உலகம்மாள் தையல் மெஷினோடு நிற்பது கொம்பையாவுக்குத் தெரியும். பஸ்ஸை விட்டால் ரோடு கெடும், ரோட்டைக் காத்தால் பெண்டாட்டி போவாள். யோசித்து யோசித்து, கடைசியில் அவன் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மொதலாளி, நான் நேத்து இந்தத் தரிசு வழியாத்தான் வீட்டுக்குப் போனேன். நல்லா ஊரு வரைக்கும் போகுது. நீங்களும் அப்படியே வாங்களேன்."

இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, திரும்பினால் டீசல் நஷ்டம் என்று முதலாளி பஸ்ஸைத் தரிசில் இறக்கினார். பஸ் வலப்பக்கம் சாய்ந்து இடப்பக்கம் சாய்ந்து, கருவேலஞ் செடியை முறித்துக்கொண்டு, கப்பல் மாதிரி வந்தது. ஒரு சக்கரம்கூட ரோட்டில் பட்டுவிடாமல் நாலு பேரும் பக்கத்திலேயே ஓடி வந்தார்கள்.

உலகம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள். பக்கத்தில் பாய் விரித்ததுபோல் சும்மா கிடந்த ரோட்டைப் பார்த்தாள். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"பஸ் வந்துட்டு உலகு," என்றான் அவன், மூச்சு வாங்க.

அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. "வரணும்னுதான் சொன்னேன். எது வழியா வரணும்னு நான் சொல்லலையே," என்று மெஷினைக் கட்டிய சாக்கை அவிழ்த்தாள். முள்ளிப்புதூரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறதல்லவா.

பஸ் தினமும் நாலு நடை ஓடியது. ஒரு மாசத்தில் அந்தத் தரிசு மேடும் பள்ளமுமாக ஆகிவிட்டது என்று முதலாளி வந்து குறைப்பட்டார். குழு அதை உடனே கவனித்தது. கொம்பையா தரிசையும் நிரவினான், ரோட்டைவிட இன்னும் அழகாக. தண்ணீர் தெளித்தார்கள். அதன் மேல் சக்கரம் ஏறக்கூடாது என்பதால் பஸ்ஸை அடுத்த நிலத்துக்கு மாற்றினார்கள். பிறகு அதையும், அதற்கடுத்ததையும் நிரவினார்கள். இப்போது முள்ளிப்புதூருக்குப் பக்கம் பக்கமாக நாலு நல்ல ரோடு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வேறெந்த ஊருக்கும் அப்படிக் கிடையாது.

ஐந்தாவது இடத்தில் குளம். அதை நிரவ எந்தச் சாமான் சரிவரும் என்று முப்பிடாதி கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். அவர், "குளத்துத் தண்ணி எப்பவும் மட்டமாத்தான் இருக்கும் அண்ணாச்சி, அதை நிரவ வேண்டாம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கேட்டதும் குழுவுக்கு ஒரே சந்தோஷம். நிரவும் வேலை மிச்சம், இறுகுவதற்குக் காத்திருக்க வேண்டாம், சக்கரத் தடமும் விழாது. திங்கட்கிழமை முதல் குளத்து வழியாக வரலாம் என்று முதலாளிக்கு ஆள் அனுப்பிச் சொல்லியாகிவிட்டது. உலகம்மாள் தினமும் காலையில் நீச்சல் பழகுகிறாள்.